படத்துக்குக் கீழே ஒரு வரி

போன ஞாயிறு ஒரு செத்தவீட்டின் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். பந்தி முடிந்ததும் வழக்கம்போல் நினைவு மலரைக் கையில் தந்தார்கள். அட்டையில் நான் எழுதிய வரி! ஆசையாகத்தான் பார்த்தேன். அந்தச் சோறு இன்னும் செரிக்கவில்லை.

இறந்தவர் நம்முடைய துறைமுகத்தில் முப்பது வருஷம் கிளாக்கராக இருந்தவர். இரண்டு வாரத்துக்கு முன் அவருடைய மகள் சுகந்தி ஒரு படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏதோ ஒரு நகைச்சுவைப் பத்திரிகைக்காக வரைந்த கார்ட்டூன். அச்சான பக்கம் அல்ல — மூலப் படமே. வெள்ளைக்காரத் துரையின் வயிற்றை முதலில் சின்னதாக வரைந்து, வெள்ளை பூசி மறைத்து, பிறகு பெருப்பித்திருக்கிறான் ஓவியன். அந்தப் பூச்சு இன்னமும் தெரிகிறது.

துரைக்குக் குடை பிடித்து நிற்கும் தலைப்பாகைக்காரர் அவருடைய துவிபாஷி. ஊர்ச்சனம் சொல்வதைத் துரைக்கு ஆங்கிலத்தில் சொல்பவர். இறந்தவரின் பூட்டனார். படத்தை அவரே ஆளனுப்பி வாங்கினாராம்.

"வெள்ளைக்காரன்ர பேப்பரிலயே வந்த ஆள், சேர். மலரின்ர அட்டையில போடப்போறம். கீழ என்ன எழுதிக்கிடக்கெண்டு தமிழில தாங்கோ. அப்பாவும் உங்களிட்டத்தான் காட்டச் சொன்னவர்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்துக்குக் கீழே பென்சிலில் இருந்த ஆங்கிலக் கூட்டெழுத்தைப் படித்தேன்.

படத்தில் மீனவர்கள் அழுகிறார்கள். நிலக்கரிக் கிடங்குக்காக அவர்களுடைய கரையை அரசாங்கம் எடுக்கிறது என்று ஓவியன் ஓரத்தில் குறித்திருக்கிறான். ஏன் அழுகிறார்கள் என்று துரை கேட்கிறார். துவிபாஷியின் பதில்: 'ஆனந்தக் கண்ணீர், ஐயா. மனமுவந்து தருகிறார்கள்.'

தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது?

சொல்லியிருக்கலாம். வாராவாரம் இதே பத்தியில் மந்திரிமாரைக் கிழிக்கிறவன்தானே நான்? ஆனால் வாய் வரவில்லை. 'மக்கள் குறையைத் துரையிடம் எடுத்துரைத்த பெருமகன்' என்று எழுதிக் கொடுத்தேன். சுகந்திக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல காரியம் செய்த நினைப்பில் தேத்தண்ணி குடித்தேன்.

ஞாயிறு, பக்கத்துக் கதிரையில் ஹனீபா நானா வந்து அமர்ந்தார். கிண்ணியாக்காரர், இறந்தவரோடு ஒரே துறைமுகக் கந்தோரில் வேலை பார்த்த கூட்டாளி. அட்டையை வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

"இதை அவர் ஒரு நாளும் சுவரில மாட்டேல்ல, தம்பி. அலுமாரிக்குள்ளதான் கிடந்தது. எனக்கு மட்டும் ஒருக்கா வாசிச்சுக் காட்டினவர்."

நானா அட்டையை என் பக்கம் திருப்பினார்.

"பிள்ளையளுக்குத் தன்ர வாயால சொல்ல ஏலாதாம். தான் போனாப் பிறகாவது வெளிய வரட்டும் எண்டவர். பேப்பரில எழுதிறவர் ஒருத்தர் இருக்கிறார், அவர் உள்ளதை எழுதுவார் எண்டு உங்கட பேரைத்தான் சொன்னவர்."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நேற்று சுகந்தி வீட்டுக்குப் போனேன். உள்ளதை எல்லாம் சொன்னேன். மலர் சாம்பல்தீவு, தோப்பூர் வரை போய்விட்டதே, அப்பாவின் கடைசி ஆசையை நானே கெடுத்துவிட்டேனே என்று அழுதார். கெடுத்தது நீங்கள் இல்லை, நான் என்றேன். இந்த வாரம் எழுதித் திருத்துகிறேன் என்றேன். எழுதச் சொன்னார், அழுகை மட்டும் நிற்கவில்லை.

அது என்ன கண்ணீர் என்று நான் எழுதட்டும்... ஆனந்தக் கண்ணீர் என்றா?