பாசி அடுப்பு

குளத்துப் பாசியிலிருந்து எண்ணெய் எடுத்து மோட்டார் ஓட்டப் போகிறார்களாம். பேப்பரில் படம் போட்டுப் பெரிதாக எழுதியிருந்தார்கள். அள்ள அள்ள வளருமாம், புகையே வராதாம், காடு அழியாதாம். எல்லாம் எனக்குத் தெரிந்த பாட்டுத்தான். இலங்கை மலைநாட்டில், தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், அறுபதுகளின் தொடக்கத்திலேயே, ஒரு டீமேக்கர் வாயால் இதையெல்லாம் நான் கேட்டாயிற்று. அவர் சொன்னதில் பெரிய பொய் ஒன்றும் இல்லை. அதனால்தான் இத்தனை வருஷம் கழித்தும் எரிச்சல் அடங்க மாட்டேன் என்கிறது.

நான் அப்போது அந்தத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயம்மா. அம்மாமார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. நீளமாக ஒரு அறை, அதில் வரிசையாகச் சாக்குத் தொட்டில்கள், பின்னால் ஒரு தகரச் சாய்ப்பு. நாற்பது பிள்ளைகள். காலை ஒன்பதரைக்கு எல்லோருக்கும் பால்மா கரைத்துக் கொடுக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் மேலே எந்த ஓடையிலிருந்து வருகிறது, அதில் யார் என்ன கழுவுகிறார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வயிற்றோட்டம் வந்து ஒரே வாரத்தில் இரண்டு பிள்ளைகள் போய்விட்டன. அதற்குப் பிறகு கொதிக்காத தண்ணீர் ஒரு சொட்டுக்கூட என் கையால் ஒரு பிள்ளையின் வாய்க்குப் போனதில்லை. யார் வந்து அவசரப்படுத்தினாலும் சரி, பானை தளதளவென்று கொதிக்கிறவரைக்கும் நான் நகரமாட்டேன். எனக்கு வாய் நீளம் என்று லயத்தில், எங்கள் வரிசை வீடுகளில், சொல்வார்கள். நீளம்தான்.

டீமேக்கர் யாழ்ப்பாணத்து மனிதர். தேயிலைத் தொழிற்சாலை முழுக்க அவர் பொறுப்பில் இருந்தது. கெட்டிக்காரர், அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் எங்களோடு பேசும்போது எங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார். எங்களுக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்த்துத்தான் பேசுவார். பதுளை மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புவரை படித்தவள் என்று தெரிந்த பிறகும் சுவரைத்தான் பார்த்தார்.

லயத்துக்குக் கீழே ஒரு குளம் இருந்தது. லயத்துச் சாக்கடை, சவர்க்காரத் தண்ணீர், மாட்டுக் கொட்டகை கழுவிய நீர் எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். வெயில் காலத்தில் குளம் முழுக்கப் பச்சைக் கம்பளி விரித்தமாதிரி பாசி பிடித்துக் கிடக்கும். அமெரிக்காவில் யாரோ பாசியை மூடிய தொட்டியில் அழுகவிட்டு எரிவாயு எடுக்கிறார்கள் என்று டீமேக்கர் ஏதோ சஞ்சிகையில் படித்திருக்கிறார். தோட்டத்தை நடத்தும் பெரிய துரையிடம் போய்ச் சொன்னார். தொழிற்சாலைக்கும் லயத்துக்கும் விறகு வெட்டி வெட்டித் தோட்டத்து மரமெல்லாம் மொட்டையாகிக்கொண்டிருந்த நேரம் அது. துரை தலையாட்டிவிட்டார்.

குளத்துக்கரையில் செங்கல்லால் ஒரு கிணறு கட்டினார்கள். அதில் சாணியும் பாசியும் கரைத்து ஊற்றி, மேலே ஒரு பெரிய இரும்புப் பீப்பாயைக் கவிழ்த்தார்கள். உள்ளே வாயு சேரச் சேரப் பீப்பாய் மெல்ல மேலே எழும்பும். நாலு பெண்கள் தினமும் முழங்கால் தண்ணீரில் இறங்கிச் சாக்கால் பாசியை வாரி வந்து கொட்டுவார்கள். அந்த நாற்றத்தைச் சொல்லிமாளாது. அங்கிருந்து ஒரு குழாய் போட்டு முதல் அடுப்பை என் பிள்ளைக்காம்பராவில் கொண்டுவந்து வைத்தார்கள். பழைய மண் அடுப்பை இடித்துப்போட்டார்கள். தொழிற்சாலையிலிருந்து எனக்கு வந்துகொண்டிருந்த விறகையும் நிறுத்திவிட்டார்கள்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். முதல் மூன்று மாதம் அந்த அடுப்பு அருமையாக எரிந்தது. நீலமாக, சத்தமில்லாமல் எரியும். பிள்ளைகளுக்குக் கண் கரிக்கவில்லை, எனக்கு இருமல் போய்விட்டது. வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் உள்ளூர எனக்குச் சந்தோஷம்தான்.

ஐப்பசி மழை பிடித்ததும் கதை மாறிவிட்டது. எங்கள் பக்கம் அந்த மழை பிடித்தால் மார்கழி தாண்டியும் விடாது. வெயில் இல்லாமல் பாசி வளரவில்லை. இருந்த பாசியையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. குளிரில் கிணறும் உறைந்தமாதிரி கிடந்தது, பீப்பாய் எழும்பவே இல்லை. அடுப்பில் குண்டுமணி அளவுக்கு ஒரு சுடர் நின்றது. அதை வைத்துக்கொண்டு நாற்பது பிள்ளைகளுக்கு எப்படித் தண்ணீர் கொதிக்க வைப்பது?

“ஐயா, தண்ணி சுடவே மாட்டேங்குதுங்க. பழையபடி வெறகு குடுக்கச் சொல்லுங்க,” என்றேன்.

அவர் சுவரைப் பார்த்தார். “நீர் குழாயைத் திறந்து போட்டுட்டுக் கதைச்சுக்கொண்டு நிண்டிருப்பீர். காஸ் வீணாப் போயிருக்கும். இது சயன்ஸ் கண்டீரோ, உமக்கு விளங்காது.”

அன்று எனக்கு அரைப்பேர்தான் விழுந்தது, அரைநாள் சம்பளம் போயிற்று. அதோடு அவர் ஒரு கொப்பியையும் கொண்டுவந்து வைத்தார். தண்ணீர் எத்தனை மணிக்குக் கொதித்தது என்று தினமும் எழுதி நான் கையெழுத்துப் போட வேண்டும். கொதிக்கவில்லை என்று எழுதினால் மறுபடியும் அரைப்பேர். மூன்றாவது தடவை எழுதினால் வேலையே இல்லை என்று கங்காணி வந்து காதில் போட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நடந்த தந்திரம் என்னுடையது. பிள்ளையைக் கொண்டுவந்து விடும் அம்மாமாரிடம் மட்டும் சொன்னேன். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது விழும் கிளைகளை மிலாறு என்போம். லயத்து அடுப்பெல்லாம் எரிவது அதில்தான். காலாகாலமாகத் தொழிலாளிகளுக்கு விட்டது. ஒவ்வொருத்தியும் விடிகாலையில் கொழுந்துக்கூடைக்குள் இரண்டு மிலாற்றைப் போட்டு மேலே இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கால் மூடிக்கொண்டு வருவாள். சாய்ப்புக்குள் மூன்று கல்லை வைத்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு கலைவதற்குள் நான் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடுவேன். ஒன்பது மணிக்கு அதைக் காஸ் அடுப்பின் பானையில் ஊற்றுவேன். டீமேக்கர் வந்து மூடியைத் திறப்பார், ஆவி முகத்தில் அடிக்கும், கொப்பியைப் பார்த்துவிட்டுப் போவார். கரி ஒட்டிய பானையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்து என் விரல் நகமெல்லாம் வெடித்துவிட்டது.

அதிகமாக மிலாறு கொண்டுவந்தவள் அடுத்த லயத்துப் பெண் ஒருத்தி. இருபது வயதுகூட இருக்காது. முதல் குழந்தை, ஐந்து மாதம். மற்றவர்கள் இரண்டு குச்சி கொண்டுவந்தால் இவள் ஆறு கொண்டுவருவாள். “எங்க வீட்டுல ரெண்டு பேருதானே அக்கா, கொஞ்சம் வெறகு போதும். நீங்க வச்சுக்கங்க,” என்பாள். அக்கா என்றுதான் கூப்பிடுவாள், வாங்க போங்க என்றுதான் பேசுவாள்.

இப்படி இரண்டு மாதம் ஓட்டினேன். டீமேக்கர் ஏமாறுகிறார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு திமிர். நான் ஏமாந்தது எனக்குத் தெரியவில்லை.

தோட்டங்களைச் சுற்றிப் பார்க்கக் கொழும்பிலிருந்து கம்பெனியின் பெரிய அதிகாரி வருவார். லயத்தில் அவரை வி.ஏ. துரை என்பார்கள். அவர் வருகிறார் என்றால் பாதையோரத்துக் கல்லுக்கெல்லாம் வெள்ளையடிப்பார்கள். அந்த முறை அவர் வந்த காலையிலும் தூறிக்கொண்டிருந்தது. நான் வழக்கம்போல் தண்ணீரைக் கொதிக்க வைத்து, சாய்ப்பில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தேன். காஸ் பானையில் ஊற்றலாம் என்று போகும்போதே துரைமார் வாசலுக்கு வந்துவிட்டார்கள். வி.ஏ. துரை, பெரிய துரை, டீமேக்கர், பின்னால் குடையோடு கங்காணி. டீமேக்கர் என் கொப்பியைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். ஐப்பசியும் கார்த்திகையும் ஒருநாள் தவறாமல் கொதித்திருந்தது. ஒவ்வொரு நாளுக்கும் கீழே என் கையெழுத்து.

பெரிய துரை கங்காணியிடம் திரும்பித் தோட்டத்துத் தமிழில் சொன்னார். “மழையிலேயே இப்படி வேலை செய்யுது. அடுத்த கவ்வாத்திலேருந்து லயத்துக்கு மிலாறு கிடையாது. எல்லாம் மலையிலேயே புதைக்கணும், மண்ணுக்கு நல்லது. லயத்துக்கும் காஸ் போடுறோம்.”

இந்த உருப்படாத சுடரை நம்பி எல்லா வீட்டு அடுப்பையும் அணைக்கப் போகிறார்கள். மழைக்காலத்தில் முழு லயமும் பச்சைத்தண்ணீர் குடிக்க வேண்டியதுதான். அதற்குச் சாட்சி என் கையெழுத்து. கொதிக்கவில்லை, எல்லாம் பொய் என்று அப்போது நான் சொல்லியிருந்தால் யார் நம்புவார்கள்? எட்டாம் வகுப்புப் படித்தவள் முத்து முத்தாக எழுதி வைத்திருக்கிறாளே.

நான் சாய்ப்புக்குப் போகவில்லை. எல்லோர் கண்ணெதிரேயும் காஸ் பானையைக் குழாயடிக்குக் கொண்டுபோய்ப் பச்சைத்தண்ணீர் பிடித்தேன். அடுப்பில் வைத்தேன். பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

“கொதிக்கட்டுங்க. பாத்துட்டே போங்க,” என்றேன்.

டீமேக்கர் முதல்தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

ஒன்பதரை ஆனது. வி.ஏ. துரை சிரித்துக்கொண்டு பைப் பற்றவைத்தார். பத்தானது. தண்ணீரில் விரலை வைத்தால் சூடுகூட இல்லை. பிள்ளைகள் அழத் தொடங்கினார்கள். முதலில் இரண்டு, பிறகு ஒரு மூலை, பிறகு எல்லோரும். நாற்பது பிள்ளைகள் பசியில் அழுதால் எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்குத்தான் தெரியும். தகரக் கூரை அதிர்ந்தது. பெரிய துரை, “வேற பால் இல்லையா?” என்று கத்தினார். “காஸ்ல கொதிச்சாத்தாங்க பால். வெறகை நிறுத்திட்டீங்களே,” என்றேன். பத்தடி தூரத்தில் சாக்குக்குக் கீழே வெந்நீர் இருந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு குழந்தைகள் அழுது அழுது கக்கின. அப்போதும் திரும்பவில்லை.

பதினொரு மணி இருக்கும். மேல் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்களுக்குச் சத்தம் கேட்டிருக்கிறது. கூடையோடு சரிவில் விழுந்து எழுந்து ஓடிவந்தார்கள். கங்காணி குடையை நீட்டி மறித்துப் பார்த்தார், யாரும் நிற்கவில்லை. சேறும் அட்டைக்கடி இரத்தமுமாக உள்ளே புகுந்து அவரவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு துரைமாரைச் சுற்றி நின்றார்கள். வி.ஏ. துரை பைப்பை அணைத்தார். பானைக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, பெரிய துரையிடம் ஆங்கிலத்தில் இரண்டே வார்த்தை சொன்னார். பெரிய துரையின் காது சிவந்தது. போகிற போக்கில், “நாளையிலேருந்து பழையபடி வெறகு. மிலாறும் பழையபடி,” என்று கங்காணியிடம் சொல்லிவிட்டு ஜீப்புக்கு நடந்தார்.

டீமேக்கர் மட்டும் வாசலில் நின்றார். “சாம்பல் போட்டு மினுக்கின பானை எண்டு எனக்கு எப்பவோ தெரியும்,” என்றார்.

“தெரிஞ்சுக்கிட்டு ஏன் சும்மா இருந்தீங்க?”

“வெயில் வரும் எண்டு நினைச்சன்.”

நெஞ்சழுத்தம் பிடித்த மனிதன். இரண்டு மாதம் என்னை வேவு பார்த்துவிட்டு, நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு வெயிலுக்குக் காத்திருந்தாராம். வாயில் வந்ததையெல்லாம் திட்ட வேண்டும் என்றிருந்தது. அவர் குடைகூட இல்லாமல் மழையில் இறங்கிப் போய்விட்டார்.

ஜீப் சத்தம் ஓய்ந்ததும் வெந்நீர் எடுக்கச் சாய்ப்புக்கு ஓடினேன். அந்தச் சின்னப் பெண் எனக்கு முன்பே அங்கே நின்றாள். பிள்ளைக்குத் துடைக்கத் துணி தேடிப் போயிருக்கிறாள். சாக்கை விலக்கியிருந்தாள். பானையிலிருந்து இன்னும் லேசாக ஆவி வந்துகொண்டிருந்தது. இடுப்பில் குழந்தை விக்கிக்கொண்டிருந்தது.

“சுடுதண்ணி இருக்கு,” என்றாள்.

“இல்லடி, கேளு. உங்க எல்லாருக்கும் மிலாறு இல்லேன்னு துரை சொல்லிட்டாரு. அதுக்காகத்தான்...”

“என் வெறகுல கொதிச்ச தண்ணி இது. என் புள்ள தொண்டை கிழியக் கத்துறான். நீ பக்கத்துலேயே வச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டு நின்னிருக்கே.”

நீ என்றாள். நான் கரைத்த பாலை மற்றப் பெண்கள் வாங்கிக் கொடுத்தார்கள். அவள் தன் மார்பிலேயே பிள்ளையை அணைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மிலாறு தப்பியது லயத்துக்குத் தெரிந்ததும் எனக்கு ஏக மரியாதை. வீடு வீடாகக் கூப்பிட்டுத் தேத்தண்ணீர் கொடுத்தார்கள். நான் செய்தது சரிதான். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். ஆனால் சொல்லும்போது குரல் தானாக ஏறிவிடுகிறது, எனக்கே பிடிக்காத குரல்.

மறுநாளிலிருந்து அவள் பிள்ளையைக் காம்பராவுக்குக் கொண்டுவரவில்லை. மலைக்கே தூக்கிக்கொண்டு போய், சவுக்கு மரத்தில் கம்பளியைத் தொட்டிலாகக் கட்டிப் போட்டுவிட்டுக் கொழுந்தெடுத்தாள். தூறலில் அது நனைந்துகொண்டு கிடந்தது. கங்காணி ஏசினார், அவள் கேட்கவில்லை. மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. மண் அடுப்பை மறுபடி கட்டியிருந்தேன். தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து, பாலைக் கரைத்து, முந்தானையால் மூடிக்கொண்டு அந்தச் செங்குத்து மலையில் மூச்சு வாங்க ஏறினேன். கோப்பையை நீட்டினேன். மாட்டேன் என்று சொல்வாள் என்று நினைத்தேன். வாங்கிக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்தபடியே பாலைத் தேயிலைச் செடியின் வேரில் ஊற்றினாள். வெறும் கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த செடிக்குப் போனாள்.