கோரா பக்கத்துச் சோறு

செனகலில் கவோலாக் நகரத்து டாக்சிக்காரர் கோரா தியோப்புக்கு ஊரில் எல்லாச் சந்தும் அத்துப்படி. தன் ரத்தத்தில் ஏறிக் கிடந்த சர்க்கரை மட்டும் தெரியாது. கண் மங்கி ஒரு கழுதை வண்டியில் இடிக்கப் போன பிறகுதான் மருத்துவரிடம் போனார். "மூணு மாசம் தர்றேன். இறங்கலைன்னா வண்டி ஓட்டச் சான்று கிடையாது" என்றார் அந்த அம்மாள். சாப்பாட்டுக்கும் கணக்குச் சொன்னார்: பாதி காய்கறி, ஒரு துண்டு மீன், கைப்பிடிச் சோறு. வேளை தவறக்கூடாது.

சொல்வது சுலபம். கோரா வீட்டில் தட்டு ஏது? ஒரே பெரிய தாம்பாளம், சுற்றிலும் ஏழு பேர். அவரவர் முன்னால் இருப்பது அவரவர் பங்கு. அடுத்தவர் பக்கம் கை நீட்டுவது அசிங்கம். மனைவி பெந்தா தனித்தட்டில் வைத்த அன்று, "என்னை ஒதுக்கி வெக்கிறியா?" என்று சாப்பிடாமலே எழுந்து போனார். அவர் பக்கம் சோற்றைக் குறைக்கவும் அவளால் முடியவில்லை. புருஷன் பங்கில் பள்ளம் விழுந்தால் ஊர் அவளைத்தானே பேசும்?

மறுவாரத்திலிருந்து பக்கத்துப் பட்டறை மெக்கானிக் யோரோ ந்தியாய் மதியச் சாப்பாட்டுக்கு வந்து கோராவை ஒட்டி உட்கார ஆரம்பித்தான். தியோப்புகளும் ந்தியாய்களும் பரம்பரை பரம்பரையாகக் கேலி முறைக்காரர்கள். ஒருவர் என்ன செய்தாலும் மற்றவர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

"சோத்து மூட்டை! உன் சோத்துல பாதி எங்க வம்சத்துக்குச் சேர வேண்டியதுடா" என்று கோரா பக்கம் கையை விட்டு அள்ளினான் யோரோ. தன் பக்கத்து முட்டைக்கோசையும் கத்திரிக்காயையும் இந்தப் பக்கம் தள்ளினான். "இந்தா, ஆடு திங்கிறதைத் தின்னு."

"பஞ்சத்துல பொறந்த பயலே! உங்க வீட்டுல அடுப்பே எரியாதா?"

கோரா சிரித்துக்கொண்டே தள்ளியதைத் தின்றார். பெந்தா நடுவிலிருந்த மீனைப் பிய்த்து அவர் பக்கம் போட்டாள். தினமும் இதே கூத்துதான்.

மூன்று மாதத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது. சான்றிதழை ஆட்டிக்கொண்டே வீட்டுக்குள் வந்தார் கோரா. "பாத்தியா! அந்தத் திருட்டுப்பய என் சோத்தைப் புடுங்கித் தின்னதுல எனக்கு யோகம்!"

பெந்தா தயங்கினாள். "யோரோ அண்ணன்கிட்ட நான்தாங்க கேட்டேன். நான் கொறச்சா கோவிப்பீங்க, அவர் புடுங்கினா சிரிப்பீங்க. அவருக்கு அரிசிச் சோறே பிடிக்காது, தெரியுமா? கம்பங்களிதான் உசுரு."

கோரா சான்றிதழை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

அன்று மதியம் யோரோ வந்து உட்கார்ந்தபோதுதான் அவன் வயிற்றைக் கவனித்தார். சட்டைப் பொத்தான் தெறிக்கப் பார்த்தது. அத்தனையும் தன் பங்குச் சோறு. இப்படி ஒருவன் தனக்கு வாய்த்ததை நினைத்து நெஞ்சு நிறைந்து போனது. வாயில் வந்தது என்னவோ கேலிதான்.

"தொந்தியைப் பாரு, திருட்டு ந்தியாய்!"

"எல்லாம் உன் சோறுதாண்டா" என்று யோரோ வழக்கம்போல் கையை நீட்டினான்.

கோரா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பெந்தா பக்கம் திரும்பினார்.

"நாளையிலேர்ந்து தாம்பாளம் முழுக்கவே சோத்தைக் கொறச்சுக் காயைக் கூட்டு, பெந்தா. இவனும் நமக்கு வேணும்."