ஈக்குப் போன சரிகை

இந்த வெட்கக்கேட்டை எங்கிருந்து ஆரம்பிப்பது? என் வாயிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து சித்தி, தங்கை, லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் என்று யார் கிடைத்தாலும், "எங்க வீட்டுக்காரர் சாராயத் தவறணைப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டார்" என்று பீற்றிக்கொண்டு திரிந்தவள் நான். பீற்றிக்கொள்ள என்னிடம் வேறு என்ன இருந்தது? அப்பாவும் அந்த ஒரு குணத்துக்காகத்தான் என்னை இவருக்குக் கட்டிக்கொடுத்தார்.

இவருக்குத் தோட்டத்துத் துரையின் பங்களாவில் சமையல் வேலை. பதுளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். துரைக்கு மீன் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமையானால் காரை எடுத்துக்கொண்டு ஓஹியாவுக்கும் மேலே போய், குளிர்ந்த ஓடைகளில் ட்ரவுட் பிடிப்பார். அந்த மீனுக்கு மண்புழு மாட்டக் கூடாதாம், கௌரவக் குறைச்சலாம். தூண்டில் முள்ளின் மேல் இறகும் நூலும் சுற்றி, ஈ மாதிரி செய்துதான் மீனை ஏமாற்ற வேண்டுமாம். அந்த ஈயைக் கட்டுகிற வேலையும் இவர் தலையில்தான்.

கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். மேசை விளிம்பில் முடுக்கிய சின்ன இடுக்கியில் முள்ளைச் செருகுவார். பட்டு நூலைச் சுற்றினால் உடம்பு. அதன்மேல் தங்க இழையை இடைவெளிவிட்டுச் சுற்றினால் வயிற்று வரி. கடைசியில் சேவலின் கழுத்து இறகைச் சுற்றிக் கோதிவிட்டால் கால்கள் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். முதல் தடவை பார்த்தபோது நிஜ ஈ என்று கையால் விரட்டினேன். இவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

சீமைச் சாமான் வருவது நின்றுபோன வருஷங்கள் அவை. துரையின் தங்க இழை தீர்ந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை இவர் என் துணிப்பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒன் கூறைச்சேலையில ஒரே ஒரு சரிகை இழை, புள்ள. உள்பக்கமா உருவிக்கிறேன். யாருக்குத் தெரியப்போவுது?"

"நல்லா கேட்டீங்க போங்க! தாலி கட்டுன சேலைங்க அது."

சொன்னேனே தவிர, கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்ததும் நான்தான். துரை மெச்சினால் இவர் முகம் அப்படி மலரும். அடுத்த வாரம் இன்னொரு இழை. கட்டியதில் பாதி ஈ ஓடைக்கரைப் புதரில் மாட்டிப் போயிற்று. முந்தானையில் ஒரு கரை முழுசாகக் காணாமல் போனபோதுதான் எனக்குப் பகீரென்றது.

லுணுகலைப் பக்கம் அப்பா இருந்த தோட்டத்தில் தங்கைக்குக் கல்யாணம் வந்தது. மூத்தவள் தன் கூறைச்சேலையைக் கட்டிக்கொண்டுதான் மாப்பிள்ளைக்கு ஆலாத்தி எடுக்க வேண்டும், அது எங்கள் வீட்டு வழக்கம். முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு தட்டைத் தூக்கினேன். சித்தி விடுவாளா? "பட்டுச்சேலைய இப்படியாடி சொருகுவ?" என்று பிடித்து இழுத்துவிட்டாள்.

"என்னாடி இது, சரிகையக் காணோம்! ஒன் புருசன் உருவி வித்துப்புட்டானா?"

"தவறணைக்குப் போயிருக்கும். குடிக்கவே மாட்டாராம்ல!" என்று பின்னாலிருந்து ஒருத்தி சிரித்தாள்.

துரைக்கு ஈ கட்டினோம் என்று சொல்ல வாய்வரை வந்தது. கூறைச்சேலையை உருவி மீனுக்குக் காட்டினவள் என்றால் நான் செத்த பிறகும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். குடிகாரன் பெண்டாட்டி என்றால், லயத்தில் பாதிப்பேர் அதுதானே? வாயை மூடிக்கொண்டேன். பாவி நான்.

விஷயம் அப்பா காதுக்குப் போய்விட்டது. இவரைச் சாமி படத்துக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய்க் கற்பூரத்தைக் கொளுத்தினார்.

"குடிக்காத புள்ளைன்னு நம்பித்தானே மாப்புள ஒங்களுக்குப் பொண்ணக் குடுத்தேன்? இத அடிச்சு சத்தியம் பண்ணுங்க."

இவர் என்னைப் பார்த்தார். நான் ஆலாத்தித் தட்டைப் பார்த்தேன். "இனிமே தொடமாட்டேங்க மாமா" என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். சாராய வாடை பட்டாலே குமட்டிக்கொண்டு ஓடுகிற மனுஷன்.

திரும்பும்போது பஸ்ஸில், "ஏங்க, உள்ளதச் சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"நீ சொல்லுவன்னு பாத்தேன்" என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்குப் போனாலும், குடிகார மருமகனைத் தான் ஒரே ஒரு கற்பூரத்தில் திருத்திய கதையை அப்பா எடுத்துவிடுவார். இவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவார். "பாருங்க, அவரே ஒத்துக்கிறாரு" என்று அப்பா அவர் முதுகைத் தட்டுவார். அப்பா கண்ணை மூடும்வரை இப்படியே போயிற்று. நான் பாயைச் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.