கல்லாய்ப் போன அவல் உருண்டை

கரும்பு நட்டுப் பிழைப்பவனுக்குச் சக்கரைப் பாகு காய்ச்சத் தெரியாமலா போகும் என்று நினைத்தேன் பாருங்கள், நான் வடிகட்டின முட்டாள் என்பதற்கு அதுவே போதும். மாடு வைத்திருப்பவனுக்கெல்லாம் தயிர் கடைய வந்துவிடுமா?

அந்த மழைக்காலத்தில் என் மனைவிக்குக் குளிர்காய்ச்சல் கண்டிருந்தது. எங்கள் ஊரான ரிவியேர் தே ஸாங்கீயில் வீட்டுக்கு ஒருவர் கம்பளிக்குள் நடுங்கிய காலம் அது. காய்ச்சல் இறங்கிவிட்டது, கொய்னா மருந்தின் கசப்பு மட்டும் அவள் நாக்கை விட்டு இறங்கவில்லை. கஞ்சி கசந்தது. பால் கசந்தது. என் வேடிக்கைப் பேச்சும் கசக்கிறதா என்று கேட்டேன். அது கல்யாணமான நாள் முதலே அப்படித்தான் என்றாள். வாய் இருந்தது, உடம்புதான் இல்லை. கைவளையல் முழங்கை வரை ஏறிப் போயிருந்தது. அதைப் பார்க்கப் பயந்து அவள் கால்மாட்டிலேயே உட்கார்ந்திருப்பேன்.

ஒரு நாள் காலையில், சுவரைப் பார்த்துப் படுத்தபடியே, அவல் உருண்டை இருந்தால் ஒரு வாய் தின்னலாம் என்றாள்.

கரும்பு வெட்டும் காலத்தில் அவள் என் துண்டில் முடிந்து தரும் பண்டம் அது. வறுத்த அவல், நாங்கள் பிஸ்தாஸ் என்று சொல்லும் வேர்க்கடலை, தகரக் கூரைமேல் காயவைத்த இலந்தைப் பழம், எல்லாம் பாகில் பிடித்தது. அவலும் கடலையும் கைக்குக் கிடைத்தன. இலந்தை ஜாடியைக் காணோம். காக்கைக்கும் எனக்கும் பயந்து ஒளித்து வைத்திருந்தாள். எங்கே என்று கேட்டதற்கு மனசில்லாமல் அரிசிப் பானையைக் காட்டினாள்.

அவலை வறுத்தேன். கடலை என் நிறத்துக்கு வந்ததும் இறக்கினேன். அடுத்தது பாகு. ஆலையில் பாகு காய்ச்சுகிறவர் ஒரு சொட்டை விரலிடுக்கில் வைத்து இழுத்துப் பார்ப்பதை எத்தனையோ தடவை வேடிக்கை பார்த்திருக்கிறேன். நானும் இழுத்தேன். கம்பி வந்தது! அதை விரலிடுக்கில் பிடித்தபடியே ஓடிப்போய் அவளிடம் காட்டினேன். ஆலைக்காரன் என்னை வேலைக்கு வைக்காமல் கெட்டுப்போகிறான் என்று ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை. கடைசியில் அவள்தான் கேட்டாள், அடுப்பை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று.

ஓடினேன். எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டிக் கிளறினேன். உருண்டை பிடிக்கக் கையை நனைத்துக்கொண்டு வருவதற்குள் கரண்டி தானாகவே நிமிர்ந்து நின்றது. இழுத்தால் சட்டியும் சேர்ந்து வந்தது. கவிழ்த்துத் தட்டினேன், சட்டிக்குத்தான் வலித்திருக்கும். கடைசியில் சட்டியை அவள் கட்டில் பக்கம் தூக்கி வந்து, அங்கே செருகியிருந்த கரும்பு வெட்டும் கத்தியைத் திருப்பி, அதன் முதுகால் ஒரு போடு போட்டேன். துண்டுகள் பறந்தன. ஒன்று என் நெற்றியில் பட்டுக் கட்டிலுக்கடியில் ஓடியது.

பின்னால் இருமல் சத்தம். பதறித் திரும்பினேன். இருமல் இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். யாரும் தூக்கிவிடாமல் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

இலந்தை ஒட்டியிருந்த சின்னத் துண்டாகப் பொறுக்கிக் கொடுத்தேன். கடிக்க முடியாமல் கன்னத்தில் அதக்கிக்கொண்டாள். ஒட்டிப் போயிருந்த கன்னம் அந்தப் பக்கம் மட்டும் கல்யாணத்தன்று இருந்த மாதிரி உப்பியது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். துண்டு கரையக் கரையக் கன்னம் பழையபடி ஒட்டிக்கொண்டே வந்தது.

"கசக்குதா?" என்றேன்.

"இன்னொண்ணு உடைங்க."