எழுபத்திரண்டு பெயர்களுக்கு முன்னால் ஒரு கோடு

சிவனேஸ்வரி லேசில் ஒருவரையும் நம்பமாட்டாள். கைப்பையின் வாரை மூன்று முடிச்சுப் போட்டு வைப்பாள். திரும்பி வரும்போது முடிச்சு இரண்டாக இருந்தால் அன்று அலுவலகத்தில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை. தேநீரில் சீனி கொஞ்சம் கூடினாலும் "ஏன் இண்டைக்குக் கூடப் போட்டவை?" என்று விசாரிப்பாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது. யுத்த காலத்தில் கொழும்பில் ஒரு காப்புறுதிக் கம்பனியின் கணினி அறையில் ஒன்பது வருடம் வேலை செய்தவள். அறை மாறும்போதெல்லாம் பொலிசில் பதிந்து, அடையாள அட்டையைத் தலையணைக்குக் கீழ் வைத்துப் படுத்தவள் அவள்.

சமாதானம் வந்து பாதை திறந்ததும் வவுனியாவுக்கு வந்து, நெளுக்குளத்தில் ஒரு மீள்குடியேற்ற உதவி அலுவலகத்தில் சேர்ந்தாள். அங்கே வெளிநாட்டுக் கம்பனியொன்று கழித்துவிட்ட மெயின்பிரேம் கணினி ஒன்று இரட்டைக் கதவு அலுமாரி அளவில் நின்றது. தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். சிவனேஸ்வரி பல்லென்ன, குளம்பு வரைக்கும் பார்த்தாள். அந்தப் பகுதியில் அந்த இயந்திரத்தை அறிந்தவள் அவள் ஒருத்திதான், அந்தப் பெருமையும் அவளுக்கு இருந்தது.

பிறகு முன்ஸிர் வந்தான். தொண்ணூறில் வெளியேற்றப்பட்ட முல்லைத்தீவு முஸ்லிம் குடும்பம், புத்தளத்து அகதி முகாமில் வளர்ந்து, தானாகவே கணினி படித்த இருபத்தாறு வயதுக்காரன். மரியாதையானவன், சிரித்த முகம். அந்தச் சிரிப்பே சிவனேஸ்வரிக்குப் பிடிக்கவில்லை. காரணமில்லாமல் ஒருவன் ஏன் சிரிக்கவேண்டும்?

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு சித்திரையில், ஓமந்தைக்கு அப்பால் குளத்துக் காணிக்குத் திரும்பியிருந்த தகப்பன் கனகலிங்கத்தைப் பார்க்க மூன்று நாள் லீவில் போனாள். சோதனைச் சாவடிகளில் இராணுவம், இயக்கம் என்று இரண்டு பக்கத்தாரும் பையைக் கிளறியதில் முடிச்சுகள் எல்லாம் அவிழ்ந்து, எரிச்சலோடு திரும்பி வந்து பார்த்தால், மெயின்பிரேமுக்குள் புதிதாக ஒன்று குந்தியிருந்தது. மனிதர் தட்டும் கட்டளையை வாங்கி இயந்திரத்திடம் நடத்திக்கொடுக்கும் நிரலை ஷெல் என்பார்கள். மெயின்பிரேமுக்கு அதனுடைய பழைய ஷெல் இருந்தது. முன்ஸிர் அதற்குப் பக்கத்தில் 'பாஷ்' என்ற இன்னொரு ஷெல்லைக் கொண்டுவந்து வைத்திருந்தான்.

இருக்கிற வாசல் போதாதென்று தனக்கொரு வாசல் வைக்கிறவன் எதற்கு வைப்பான்? வயலில் இனந்தெரியாத பொருள் கிடந்தால் கண்ணிவெடி அகற்றுபவர்கள் கண்ட இடத்திலேயே வெடிக்கவைத்து அழிப்பார்கள். யாருடையது என்று கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. சிவனேஸ்வரியும் அதையே செய்தாள். பாஷை அடியோடு அழித்தாள். முன்ஸிரிடம் மூச்சு விடவில்லை. கேட்டால் உசாராகிவிடுவான், தேடி வரட்டும், கையும் களவுமாய்ப் பிடிப்போம் என்று காத்திருந்தாள்.

அவன் தேடி வரவில்லை. முல்லைத்தீவுக்குத் திரும்ப வவுனியாவில் வந்து தங்கியிருந்த எழுபத்திரண்டு முஸ்லிம் குடும்பங்களின் விவரம் எடுக்க அலைந்துகொண்டிருந்தான். அந்தப் பட்டியலை அச்சிட அவனே ஒரு சிறு நிரல் எழுதி அனுப்பியிருந்தான். சிவனேஸ்வரி அதை ஓடவிட்டாள். பாஷ் இல்லை என்று சொல்லி அது நின்றுவிட்டது. 'பார்த்தாயா, கள்ள வாசலைத் தேடுகிறது!' என்று மனதுக்குள் கறுவிக்கொண்டு, அதைப் பழைய ஷெல்லிடம் பலவந்தமாய்க் கொடுத்தாள். மறுபேச்சில்லாமல் ஓடியது. பொறுப்பாளர் தயாபரன் அச்சுத்தாளை அப்படியே இழுத்துக்கொண்டு போய் அறிவித்தல் பலகையில் ஒட்டினார். வியாழன் பின்னேரத்துக்குள் அதில் கையெழுத்து வைக்காத குடும்பத்துக்கு வீட்டுத்திட்டம் இல்லை. அன்று செவ்வாய்.

புதன் காலை பலகைக்கு முன்னால் கூட்டம். எழுபத்திரண்டு பெயர்களுக்கு முன்னாலும் ஒரு சின்னக் கோடும் 'e' என்ற ஆங்கில எழுத்தும் இருந்தன. பக்கத்தில், முன்ஸிரின் நிரல் இல்லாமல் பழைய முறையில் அச்சிட்ட மற்றக் குடும்பங்களின் பட்டியல் துப்புரவாய் இருந்தது.

"இது என்ன அடையாளம்?" என்று கேட்டா றாபியா. ஐம்பது வயது மதிக்கத்தக்க, புருசன் இல்லாத பெண். "தொண்ணூறாம் ஆண்டு எங்கள ஊரை விட்டு அனுப்பேக்க ஒரு காரணமும் சொல்லேல்ல. இப்ப எங்கட பேருக்கு மட்டும் கோடு போட்டிருக்கு. இதில கையெழுத்து வைக்க நாங்க என்ன விசரரா?"

யார் செய்த பட்டியல் என்று கேட்டார்கள். முன்ஸிர் என்று தெரிந்ததும் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. எங்கட பிள்ளையே எங்களை வித்துப்போட்டான் என்று ஒருவர் சொல்ல, நாலு பேர் தலையாட்டினார்கள். முன்ஸிருக்கு முகம் கறுத்துவிட்டது. "நான் போடேல்ல, அல்லாவாணை போடேல்ல" என்று மட்டும் சொன்னான்.

"அறிக்கை எழுதித் தாரும். அவனை வேலையால நிப்பாட்டிவிடுவம்" என்று சிவனேஸ்வரியிடம் சொன்னார் தயாபரன்.

சிவனேஸ்வரிக்கு உள்ளூரச் சந்தோசம். ஆதாரத்தோடு எழுதவேண்டும் என்று அவன் நிரலைத் திறந்தாள். ஒவ்வொரு பெயரையும் அச்சிடச் சொல்லும் வரியில் அந்தக் கோடும் எழுத்தும் அப்பட்டமாகவே இருந்தன. பிடிபட்டான்! பாதி அறிக்கை எழுதிவிட்டாள். ஆனால் அவள் தன்னையும் நம்பாதவள். இன்னொரு தரம் பார்ப்போம் என்று அதே நிரலை முன்ஸிரின் மேசைக் கணினியில் ஓட்டினாள். பெயர்கள் துப்புரவாய் வந்தன. மெயின்பிரேமில் ஓட்டினாள். கோடு வந்தது. ஒரு எழுத்தும் மாறாத நிரல், இரண்டு இடத்தில் இரண்டு விதம்.

மேசைக் கணினியில் இருந்தது பாஷ், முன்ஸிர் படித்துப் பழகியதும் அதில்தான். அதற்கு அந்தக் கோடும் எழுத்தும் 'இப்படி அச்சிடு' என்ற கட்டளை. பழைய ஷெல்லுக்கு அந்தக் கட்டளை தெரியாது. அதையும் பெயரோடு சேர்த்து அச்சிட்டுவிட்டது. "கெதியா, ஒரு கிலோ சீனி" என்று கேட்டால் கடைக்காரர் விரைவாகத் தருவார். அந்தப் பேச்சுப் பழக்கமில்லாதவன் 'கெதியா' என்பதையும் துண்டில் எழுதிவைப்பான். அவ்வளவுதான் விசயம். பாஷை அழித்துவிட்டு, அந்தப் பழக்கமில்லாதவனிடம் வேலையைக் கொடுத்தது அவள்.

ஒருவருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. தயாபரனிடம் போய் நடந்ததைச் சொன்னாள்.

"அப்ப கோட்டை எடுத்துப்போட்டு வேற ஒண்டை ஒட்டும். அலுவல் முடிஞ்சுது."

"இல்லை சேர். ராவோட ராவா அடையாளம் காணாமப் போனா, ஏன் மறைச்சவை எண்டு கேப்பினம். நானெண்டாலும் கேப்பன்."

வியாழன் காலை பலகையில் புதுத் தாள்கள் இருந்தன. முஸ்லிம் குடும்பங்கள், மற்றக் குடும்பங்கள் எல்லோருடைய பெயரையும் முன்ஸிரின் நிரலில் போட்டு, அதே பழைய ஷெல்லில் ஓட்டியிருந்தாள். ஒவ்வொரு பெயருக்கு முன்னும் கோடு. றாபியாவைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பெயரில் விரலை வைத்தாள்.

"றாபியா ராத்தா, இது என்ர அப்பா, கனகலிங்கம். அவருக்கும் கோடு. முன்ஸிர் சரியாத்தான் செய்தவர். அவர் வைச்ச சாமானை நான் அழிச்சதாலதான் இது வந்தது. பிழை என்ர."

றாபியா அவளை மேலும் கீழும் பார்த்தா. "அந்தப் பொடியனைக் காப்பாத்தப் பொய் சொல்லுறீங்களோ?"

"நான் அவரை வேலையால நிப்பாட்ட அறிக்கை எழுதினனான்" என்று பாதி எழுதிய தாளை நீட்டினாள். றாபியா எழுத்துக்கூட்டி வாசித்தா. பிறகு பேனையை வாங்கி, கோட்டோடு இருந்த தன் பெயருக்கு நேரே கையெழுத்து வைத்தா. பின்னேரத்துக்குள் எழுபத்திரண்டு கையெழுத்தும் விழுந்தன.

எல்லோரும் போனபின் முன்ஸிர் பாஷைத் திரும்ப ஏற்ற வந்தான். சிவனேஸ்வரி கதிரையை விட்டு எழும்பி இடம் விட்டாள்.

"உம்மட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நம்பேல்ல" என்றாள்.

"தெரியும் அக்கா." அவன் திரையிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "நீங்க நிண்டா விடமாட்டீங்க எண்டு தெரிஞ்சுதான், நீங்க லீவில போன நாள் பாத்துப் போட்டனான். நானும் உங்களிட்டக் கேக்கேல்லத்தானே."