புளி போட்டு விளக்கிய செம்புக் கல்

மலாயாவிலிருந்து திரும்பும் ஆண்கள் என்ன கொண்டுவருவார்கள் என்று எங்கள் பக்கத்துப் பெண்களுக்குத் தெரியும். பீங்கான் ஜாடி, எனாமல் அடுக்கு, வாசனை சோப்பு. என் வீட்டுக்காரர் ஒரு தகரப் பெட்டி நிறையக் கல்லைக் கொண்டுவந்தார். வில்வண்டியிலிருந்து அதை இறக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. தெருவே வேடிக்கை பார்க்க, நான் பெருமையாக முன்னால் நின்று பெட்டியைத் திறந்தேன். வந்த கோபத்துக்கு ஒரு கல்லை எடுத்து அவர் மேலேயே போட்டிருப்பேன். மாமனார் பக்கத்தில் நின்றதால் மனிதர் தப்பித்தார்.

வெள்ளீயம் தோண்டும் ஊர் ஒன்றில், எங்கள் பக்கத்துக்காரர் ஒருவர் கடையில் அவருக்கு வேலை. சுரங்கத்துப் பக்கம் போகவர, அங்கிருந்த வெள்ளைக்கார இஞ்சினியரோடு பழகி, கல் பார்க்கிற பைத்தியம் பிடித்துவிட்டது. ஒவ்வொரு கல்லிலும் வெள்ளை பெயிண்ட் பொட்டு வைத்து, அதன்மேல் மையால் எண் எழுதியிருந்தார். எனக்கு ஒருநாளும் வாங்கிவராத பொட்டு!

அதில் ஒரு கல்லை மட்டும் கையில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருப்பார். உள்ளங்கை அகலம். ஒரு ஓரம் வெள்ளைப் பளிங்கு. நடுவில் கருஞ்சிவப்பாக மணி மணியாய் ஏதோ. அதற்குள் ஆங்காங்கே மஞ்சள் மினுக்கு.

"இதுக்குப் பேரு ஸ்கார்ன்" என்றார். "சுவீடன்னு ஒரு தேசத்துல, சுரங்கக்காரங்க ஒதுக்கிப் போடுற கல்லுக்கு வச்ச பேரு."

"குப்பையவா கப்பலேத்திக் கொண்டாந்தீக?"

அவர் கோபப்படவில்லை. அதுதான் அவரிடம் எனக்கு ஆத்திரம். "நீ ஆரத்தி கரைக்கிறீல்ல? மஞ்சத்தண்ணியில சுண்ணாம்பு விழுந்தா என்ன ஆகுது?"

"செவக்கும். இது தெரியாதாக்கும்."

"அதேதான். பூமிக்குள்ள கருங்கல்லு ஒரு காலத்துல கொழம்பாக் கொதிச்சுக்கிட்டு மேல வருது. அங்குட்டு சுண்ணாம்புக் கல்லு கெடக்குது. ரெண்டும் தொட்ட எடத்துல கொதிதண்ணி பூந்து, இந்தச் செவப்பு மணியெல்லாம் வெளையுது. அந்தத் தண்ணியிலயே செம்பு, ஈயம், இரும்பு எல்லாம் கரைஞ்சு வந்து தங்கிப்போகுது. இந்த மஞ்ச மினுக்கு தங்கமில்ல. செம்பு இருக்கிற கல்லு."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை.

கல்யாணமாகி ஆறு வருஷம். மூன்று வருஷம் அங்கே, சில மாதம் இங்கே என்று போனதில், நாங்கள் ஒரு கூரையின்கீழ் இருந்தது எல்லாம் சேர்த்து ஒரு வருஷம்கூட வராது. ஆவணியில் நாகப்பட்டணத்தில் மறுபடி கப்பல் என்று பேச்சு வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அழுதால் அபசகுனம் என்பார்கள். அதனால் பாத்திரங்களை 'ணங்' 'ணங்'கென்று வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மாமனார் நாச்சியாபுரம் போகிற வழியில் இருந்த எங்கள் தோட்டத்தில் கிணறு வெட்ட ஆரம்பித்தார். எங்கள் சீமையில் எங்கே தோண்டினாலும் முதலில் வருவது செம்புறாங்கல். சிவப்பாய், ஓட்டை ஓட்டையாய் இருக்கும். அதைப் பார்த்து மாமனாருக்கு ஒரு யோசனை.

"செம்பு இல்லாமயா செம்புறான்னு பேரு வச்சாக?"

"இல்லைங்க அப்பச்சி. அது இரும்புத் துரு. செவப்பா இருக்கிறதால அந்தப் பேரு" என்றார் இவர், தன் அப்பாவிடம்.

மாமனார் விடுகிற ஆள் இல்லை. எல்லார் முன்னாலும் சொன்னார்: "இந்தக் கெணத்துல ஒரே ஒரு துண்டு செம்புக் கல்லு கெடைக்கட்டும். நீ கப்பலேற வேண்டாம். இங்குட்டே இருந்து இதப் பாரு."

ஒரே ஒரு துண்டு! அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் பொய். நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் என்ன செய்யவேண்டும் என்று தெரிந்துவிட்டதே.

அவர் குளத்துக்குக் குளிக்கப் போன நேரத்தில் பெட்டியிலிருந்து அந்த ஸ்கார்ன் கல்லை எடுத்தேன். எண் எழுதிய பொட்டைக் கத்தியால் சுரண்டினேன். கைபட்டுக் கைபட்டுக் கல் மங்கலாய், கறுத்துப்போய் இருந்தது. இப்படி அழுக்காய்ப் போட்டால் யார் கண்ணில் படும்? வீட்டுக் கிணற்றடிக்குக் கொண்டுபோய், புளியும் செங்கல் பொடியும் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து விளக்கினேன். பொங்கலுக்குப் பானை விளக்குகிற மாதிரி விளக்கினேன். மஞ்சள் தகதகவென்று வந்தது. எனக்கே ஆசையாய் இருந்தது. முந்தானையில் முடிந்துகொண்டு, வேலையாட்களுக்கு மோர் கொண்டுபோகிற சாக்கில் தோட்டத்துக்குப் போய், மேலே கொட்டியிருந்த கிணற்று மண்ணில் செருகிவிட்டு வந்தேன். பிள்ளையார்பட்டிப் பிள்ளையாருக்கு நூற்றெட்டுக் கொழுக்கட்டை நேர்ந்துகொண்டேன்.

மத்தியானத்துக்குள் கிணறு வெட்டுகிற மேஸ்திரி கல்லோடு வீட்டுக்கு ஓடிவந்தார். மாமனார் முகத்தைப் பார்க்கவேண்டுமே! பேரன் பிறந்தால்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டார். "பாத்தியாடா!" என்று மகன் கையில் கல்லைக் கொடுத்தார்.

இவர் கல்லைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். பிறகு மூக்கருகே கொண்டுபோய் மோந்தார்.

எனக்கு உயிரே போய்விட்டது. புளி வாடை! நன்றாக அலசினேனா இல்லையா என்று நினைவுக்கு வரவில்லை.

அவர் நிமிர்ந்து கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். ஒரு பார்வைதான். பிறகு அவர் அப்பாவிடம் திரும்பினார்.

"அப்பச்சி, இது நம்ம மண்ணுக் கல்லு இல்ல. ஈர மண்ணுக்குள்ள காலங்காலமாக் கெடந்த செம்புன்னா பச்சையாக் களிம்பு ஏறியிருக்கும். இது விளக்கிவச்ச கும்பா கணக்கா மினுங்குது. அதோட, இந்தக் கல்லு வெளையணும்னா கருங்கல்லும் வேணும், சுண்ணாம்புக் கல்லும் வேணும். பிள்ளையார்பட்டியில கருங்கல்லுப் பாறை இருக்கு. சுண்ணாம்புக் கல்லு எங்க இருக்கு? இருந்தா, நம்ம வீட்டுச் செவத்துக்குப் பூசுற சுண்ணாம்புக்காகக் கடலோரத்துலேருந்து கிளிஞ்சலு வண்டி வண்டியா வந்திருக்குமா?"

அந்தக் கிளிஞ்சல் வண்டிகளை வரவழைத்தவரே மாமனார்தான்.

"பொறகு இது எப்படிடா கெணத்து மண்ணுக்கு வந்துச்சு?"

"என் பொட்டியில இருந்த கல்லுதான். நேத்து தோட்டத்துக்குக் கொண்டுபோனேன். கை தவறி விழுந்திருக்கும்."

எனக்காகப் பொய் சொல்கிறார். கல் விஷயத்தில் பெற்ற அப்பனுக்குக்கூட விட்டுக்கொடுக்காத மனிதர்! அதைத் தாங்க முடியவில்லை. மாமனார் முன்னால் நிமிர்ந்து பேசியறியாத நான் கதவை விட்டு வெளியே வந்தேன்.

"அவுக போடல மாமா. நான்தான் போட்டேன். புளி போட்டு விளக்கிப் போட்டேன். அவுக கப்பலேறக் கூடாது. அம்புட்டுத்தான். என்ன வேணும்னாலும் திட்டிக்கங்க."

சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன். ஆறு வருஷத்து அழுகை. அபசகுனமாவது ஒன்றாவது.

மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். மாமனார் அந்தக் கல்லை மகன் கையிலிருந்து வாங்கினார். புரட்டிப் பார்த்தார். அப்புறம் மேஸ்திரியைக் கேட்டார்.

"யப்பா, நீ சொல்லு. இது கெணத்து மண்ணுல கெடைச்சுச்சா, இல்லையா?"

"கெடைச்சது என்னவோ அங்கதானுங்க."

மாமனார் மகனிடம் திரும்பினார். "இதுல செம்பு இருக்கா, இல்லையா?"

"இருக்கு. ஆனா அப்பச்சி..."

"ஆனா கீனா எல்லாம் வேண்டாம். ஒரு துண்டு கெடைச்சா நீ போக வேண்டாம்னு ஊரறியச் சொன்னேன். கெடைச்சிருச்சு. கடைக்கு வேற ஆளு அனுப்பச் சொல்லிக் கடுதாசி எழுது." பிறகு என் பக்கம் பார்க்காமலே சொன்னார்: "போயி மூஞ்சியக் கழுவிட்டு வா ஆத்தா. எல்லாருக்கும் பசிக்குது."

ஆவணியில் நாகப்பட்டணத்தில் கப்பல் புறப்பட்ட நாளன்று மத்தியானம், இவர் எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் இலை போட்டு உட்கார்ந்திருந்தார். ரசம் ஊற்றினேன். போதுமா என்று கேட்டேன். இன்னும் கொஞ்சம் என்றார்.