மறுபடியும் முதுகு

நான் எடுத்த படங்கள் எல்லாமே முதுகுகள். கல்லூரித் தோழி சொல்லும்வரை அது எனக்குத் தெரியவில்லை.

பெங்களூரில் ஒரு சின்ன கண்காட்சிக்கு அவள் ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். தெருவில் இளைஞர்கள் தங்கள் இஷ்டப்படி உடுத்துவதைப் பற்றிய புகைப்படங்கள். ஐந்து மாதமாக நான் எடுத்து வைத்திருந்ததை அனுப்பினேன். போன் செய்தாள்.

"எல்லாம் முதுகா இருக்கே. முகம் எங்கடி?"

"எதிர்ல நின்னு எடுக்க ஒரு மாதிரி இருந்துச்சு."

"திங்கக்கிழமைக்குள்ள ஒரு முகமாவது அனுப்பு. இல்லன்னா உன் படத்தை வைக்க முடியாது. அந்தக் காக்கிக் கோட்டுப் பொண்ணு முகமா இருந்தா நல்லது. அவ கையெழுத்தும் வாங்கிடு. பதினெட்டு ஆயிடுச்சுல்ல? அவ கையெழுத்தே போதும்."

குழந்தை பிறந்த பிறகு நான் செய்த ஒரே சொந்த வேலை இதுதான். ஞாயிறு மாலைகளில் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, எங்கள் ஊரின் மூடிப்போன தங்கச் சுரங்கத்துப் பக்கம், மைசூர் மைன்ஸ் மைதானத்துச் சுவர்வரை நடப்பேன். அங்கே ஆறு பேர் கூடுவார்கள். மற்ற நாட்களில் விடியற்காலை ரயிலைப் பிடித்து, பெங்களூர்க் கடைகளில் சீருடை போட்டு நிற்கிறவர்கள். ஞாயிறன்று மட்டும் அவர்களுடைய துணி. நடைபாதையில் வாங்கிய பழைய சட்டைகள் இரண்டைப் பாதிப்பாதியாக வெட்டி ஒன்றாகத் தைத்திருப்பார்கள். ஊக்குகளைக் கோத்துக் கழுத்தில் சங்கிலியாகப் போட்டிருப்பார்கள். யாருக்காகவும் இல்லை. சுவரில் உட்கார்ந்து ஒருவரையொருவர் கிண்டல் செய்துவிட்டுக் கலைந்துபோவார்கள்.

அவர்களில் ஒருத்திக்கு முடி வெள்ளி நிறம். அப்பாவுக்கு மைன்ஸில் கொடுத்த காக்கிக் கோட்டைத்தான் எப்போதும் போட்டிருப்பாள். முட்டிவரை தொங்கும். அதன் முதுகில் ஒரு கேஜ் வரைந்திருந்தாள், சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்குகிற இரும்புக் கூண்டு. உள்ளே தொழிலாளர்கள் இல்லை. அவர்கள் ஆறு பேரும் வண்ண வண்ணத் தலையோடு நெருக்கியடித்து நின்றிருந்தார்கள். வரைய மூன்று மாதம் ஆயிற்றாம்.

அவள் முகமும் அந்தக் கோட்டும் ஒரே படத்தில் வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கியவளிடம் கேட்டபோது, "சும்னே எடுங்கக்கா, இதுல இன்னா கேக்கறதுக்குக் கீது?" என்றாள்.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். அன்று இரவு தூக்கம் வரவில்லை. என் மகளுக்கும் இவளைப் போலப் பத்தொன்பது வயதாகும்போது யாரோ ஒருத்தி அவளைப் படமெடுத்து வேறு ஊரில் மாட்டினால் எனக்கு எப்படி இருக்கும்? சனிக்கிழமை காலை ஆறு வீட்டுக்கும் கிளம்பினேன், அம்மாக்களிடம் அனுமதி கேட்க.

"கல்யாணப் பத்திரிகை வைக்கிற மாதிரி வீடு வீடா போறியே. குங்குமச் சிமிழ் எடுத்துக்கினியா?" என்றார் என் கணவர், செய்தித்தாளை விட்டுத் தலை நிமிராமல்.

யாரும் மறுக்கவில்லை. அதுதான் எனக்குச் சந்தேகம் தந்திருக்க வேண்டும். கோட்டுக்காரப் பெண்ணின் அம்மா காபி கொடுத்தார். நான் நீட்டிய தாளை வாங்கிப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். "தாராளமா எடு கண்ணு. பத்தாவது பாஸானப்போ ஸ்டுடியோல எடுத்ததுதான், அப்பால நல்லதா ஒரு போட்டோ கூட இல்ல. எத்தனை மணிக்கு?"

"நாளைக்கு நாலு மணிக்குங்க. எப்பவும் எப்படி இருப்பாங்களோ அப்படியே வந்தா போதும்."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன், நீ போம்மா."

எங்கள் ஊரில் போட்டோ என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? இருபத்தெட்டு வருடமாக இங்கேதான் இருக்கிறேன். பாஸ்போர்ட் அளவுப் படத்துக்குக்கூட ராபர்ட்சன்பேட்டை ஸ்டுடியோவுக்குப் பட்டுப் புடவையில் போகிறவர்கள் நாங்கள்.

ஞாயிறு நான்கு மணிக்குச் சுவரோரம் ஆறு பேர் நின்றிருந்தார்கள். பையன்கள் மூவரும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், எண்ணெய் வைத்து வாரிய தலையோடு. பெண்கள் இருவர் பட்டுப் பாவாடை தாவணியில். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இன்டர்வியூவுக்கு வந்தவர்கள் போல இருந்தார்கள்.

அவள் மட்டும் சுடிதாரில், மல்லிகைப் பூவோடு. முடி கன்னங்கறுப்பு. நெற்றி ஓரத்தில் சாயம் ஒட்டியிருந்தது. கையில் கோட்டை மடித்து வைத்திருந்தாள்.

"முடி?" என்றேன்.

"அம்மா ராத்திரியே டை வாங்கியாந்து அடிச்சிட்டாங்க. போட்டோல கிழவி மாதிரி தெரிவேனாம்."

"கோட்டு?"

விரித்துக் காட்டினாள். கெரசின் வாடை அடித்தது. கூண்டின் கம்பிகள் மட்டும் மங்கலாக மிஞ்சியிருந்தன. உள்ளே யாருமில்லை.

"போட்டோக்கு வருதேன்னு பெயின்ட்ட கெரசின் போட்டுத் தேச்சிருக்காங்க. நான் எழுந்து பாக்கறேன், கொடியில காயுது." பிறகு என்னைப் பார்த்தாள். "எங்கம்மாவ யாருக்கா கேக்கச் சொன்னது?"

என் மகள் கேமரா வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அதற்குள் அம்மாவே வந்துவிட்டார், கையில் சீப்போடு. "ஏய், பூவ முன்னால எடுத்து உடு. கண்ணு, கழுத்து செயின் தெரியற மாதிரி எடும்மா."

எடுத்தேன். வேறு என்ன செய்வது? முகம், நேராக, நல்ல வெளிச்சத்தில். ஐந்து மாதத்தில் நான் எடுத்த மிகத் தெளிவான படம் அதுதான். அம்மா திரையில் எட்டிப் பார்த்து, "லட்சணமா கீது. பையன் வீட்டுக்கே குடுக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் திருப்தியாகப் போனார்.

அவளிடம் தாளை நீட்டினேன். அம்மாவின் கையெழுத்துக்குக் கீழே அவளுடைய இடம் காலியாக இருந்தது. பேனாவை வாங்கவில்லை.

"இதுக்கு நான் போடமாட்டேன்க்கா. இது எங்கம்மா எடுத்த போட்டோ. அவங்கதான் போட்டுட்டாங்களே."

கோபித்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை, ஆனாலும் கோபம் வந்தது. அவள்மேல், அம்மாமேல், காபி குடித்துவிட்டு நன்றி சொல்லி வந்த என்மேல். நாளைக்குத் திங்கட்கிழமை. தேவையில்லாத கையெழுத்து ஆறு என் பையில் இருந்தது. தேவையான ஒன்று இல்லை.

கேமராவைப் பையில் வைக்கப் போனேன். அவள் சுடிதாருக்கு மேல் கோட்டை மாட்டினாள். பூவை எடுத்துப் பாக்கெட்டில் போட்டாள். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"இத எடுங்க. இதுக்குப் போடறேன்."

காலிக் கூண்டு. அதற்கு மேலே, அவள் அம்மா பின்னிவிட்ட இறுக்கமான கறுப்புச் சடை. மகளைக் கீழே இறக்கிவிட்டு எடுத்தேன். கோட்டைக் கழற்றி, சுவரில் உட்கார்ந்த என் முழங்கால்மேல் பரப்பி, அதன்மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். அம்மாவின் பெயரை அடிக்கவில்லை. அதைவிடப் பெரிதாக எழுதினாள்.

அன்று இரவே அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் தோழியிடமிருந்து பதில் வந்தது: "மறுபடியும் முதுகா?"

நடந்ததையெல்லாம் விளக்கி நீளமாக ஒன்று எழுதினேன். அழித்தேன். மன்னிப்புக் கேட்டு ஒன்று எழுதினேன். அதையும் அழித்தேன்.

"ஆமாம். கையெழுத்து இருக்கு" என்று அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.